மெடிக்கல் முடியட்டும், பிறகு பணம் கட்டலாம்

வெளிநாட்டு வேலைக்கு முன் உடல் பரிசோதனை: குழுக் கூட்டத்தில் படித்துப் பேச ஒரு பாடம்



இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, நாகப்பட்டினம் என்று எந்த மாவட்டத்துக்குப் போனாலும், வளைகுடா நாட்டில் ஒருவராவது வேலை பார்க்கும் தெரு இருக்கிறது. நம் குழுக்களிலும் "கணவர் வெளிநாடு போக", "மகன் சவுதி போக" என்று காரணம் எழுதிய கடன் மனுக்கள் வருகின்றன. சில சகோதரிகள் தாங்களே வீட்டு வேலைக்குப் போக விரும்புகிறார்கள். கடன் கொடுக்கும்போது சம்பளம் எவ்வளவு, விசா வந்ததா என்றெல்லாம் கேட்கிறோம். "மெடிக்கல் முடிந்ததா?" என்று மட்டும் பலர் கேட்பதில்லை.

மெடிக்கலில் 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் விசாவும் இல்லை, வேலையும் இல்லை. கட்டிய பணம் ஏஜெண்டிடம் மாட்டிக்கொள்ளும். வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடும். ஏற்கெனவே சுகர், பி.பி., டி.பி. போன்ற நோய் இருப்பவர்கள், அல்லது முன்பு இருந்து குணமானவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவரை வெளிநாட்டுக்கு அனுப்ப 80,000 ரூபாய் கட்டினார்கள். குழுவில் 50,000, வெளியில் 30,000. குழுக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதாவது 500 ரூபாய். வெளிக் கடனுக்கு மூன்று ரூபாய் வட்டி, 900 ரூபாய். ஆக மாதம் 1,400 ரூபாய், ஒரு வருடத்துக்கு 16,800 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

பணம் கட்டிய பிறகுதான் மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய டி.பி. தழும்பு தெரிந்தது. ஆறு வருடத்துக்கு முன்பே மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்தான். ஆனாலும் 'அன்ஃபிட்'. அந்தச் சகோதரி எங்களிடம் சொன்னது இது: "டி.பி.ன்னு சொன்னா ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்கன்னு நாங்க யார்கிட்டயும் சொல்லலக்கா. முன்னாடியே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருந்தா இந்தக் கடனையே வாங்கியிருக்க மாட்டோம்."

ஒரே ஒரு எக்ஸ்ரே. அரசு மருத்துவமனையில் எடுத்திருந்தால் ஒரு நாள் கூலிதான் போயிருக்கும்.

மெடிக்கல் எங்கே நடக்கிறது?

சவுதி அரேபியா, குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளும் வளைகுடாக் கூட்டமைப்பில் உள்ளவை. இந்நாடுகள் ஒப்புதல் கொடுத்த பரிசோதனை மையங்கள் சென்னை போன்ற நகரங்களில் உள்ளன. முன்பு இதை 'காம்கா மெடிக்கல்' என்பார்கள். இப்போது 'வஃபித்' என்ற இணையதளத்தில் பதிவு செய்துதான் போக வேண்டும். முடிவும் அதே இணையதளத்தில்தான் ஏறும்.

கத்தாருக்கு வேலை விசாவில் போகிறவர்களுக்குச் சென்னையில் கத்தார் விசா மையம் உள்ளது. 2019 முதல் அங்கேயே மெடிக்கல், கைரேகை, வேலை ஒப்பந்தக் கையெழுத்து மூன்றும் நடக்கின்றன. சில நாடுகளில் போய் இறங்கிய பிறகுதான் முக்கியமான மெடிக்கல். மலேசியாவில் போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை செய்ய வேண்டும். சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு முதலில் ஒரு பரிசோதனை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. ஆகவே எந்த நாடு, எந்த விசா, மெடிக்கல் எங்கே, எத்தனை முறை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பரிசோதனையில் பொதுவாக என்ன பார்ப்பார்கள்? உயரம், எடை, பி.பி., கண் பார்வை, காது, நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர், மலம். இரத்தத்தில் சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி கிருமி, பால்வினை நோயான சிபிலிஸ், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு.

மூன்று கூடை

"நோய் இருந்தாலே விடமாட்டாங்களா அக்கா?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். எல்லா நோய்க்கும் அப்படி இல்லை. நெல்லைப் புடைத்துப் பிரிப்பதுபோல நோய்களை மூன்று கூடையாகப் பிரித்துக்கொண்டால் தெளிவாகப் புரியும். வளைகுடா நாடுகளின் விதியை வைத்து இதைச் சொல்கிறோம்.

முதல் கூடை: கட்டுப்பாட்டில் இருந்தால் போகலாம்

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இந்தக் கூடையில் உள்ளவை. 'கட்டுப்பாட்டில் இல்லாத' சர்க்கரை, 'கட்டுப்பாட்டில் இல்லாத' பி.பி. என்றுதான் விதி சொல்கிறது. மாத்திரை சாப்பிட்டு அளவாக வைத்திருப்பவருக்குக் கதவு மூடவில்லை. பி.பி. 140க்கு 90 என்ற அளவுக்குக் கீழே இருக்கட்டும். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஒரு இரத்தப் பரிசோதனை உண்டு. அது பெரும்பாலானவர்களுக்கு 7க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். மெடிக்கலுக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்தால் இந்த அளவு இறங்காது. மூன்று மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டுவரும் தன்னார்வலர் பலர் நம்மைப்போல் சுய உதவிக் குழுப் பெண்கள்தான்.

இரண்டாம் கூடை: சிகிச்சை முடித்து, பிறகு போகலாம்

மலேரியா, யானைக்கால் கிருமி, வயிற்றுப் புழு ஆகியவை இதில் சேரும். மருந்து சாப்பிட்டுக் குணமாக்கிக்கொண்டு மறுபரிசோதனைக்குப் போகலாம். நெஞ்சுச் சளி, நிமோனியா இருக்கும்போது எக்ஸ்ரே எடுத்தால் நிழல் விழும். அது டி.பி.யோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும். நன்றாகக் குணமான பிறகு போவதே நல்லது. இரத்தசோகையையும் முன்கூட்டியே சரி செய்யுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

சிபிலிஸ் நோய் பென்சிலின் ஊசியில் குணமாகும். ஆனால் ஒரு வகை இரத்தப் பரிசோதனையில் குணமான பிறகும் 'பாசிட்டிவ்' என்றே காட்டும். அதனால் சிகிச்சை பெற்ற சீட்டு கையில் இருக்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே சிகிச்சை எடுக்க வேண்டும்.

மூன்றாம் கூடை: இப்போதுள்ள விதிப்படி கடினம்

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, டி.பி., தொழுநோய், புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் செயலிழப்பு, இருதயச் செயலிழப்பு, மனநோய், வலிப்பு போன்ற நரம்பு நோய்கள் இதில் வரும். காது கேளாமையும் நிறக்குருடும்கூட விதியில் உள்ளன.

டி.பி. பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதாரண டி.பி. ஆறு மாத மருந்தில் முழுதாகக் குணமாகும். குணமானவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. ஆனால் நுரையீரலில் தழும்பு தங்கிவிடலாம். அந்தத் தழும்பையும் வளைகுடா விதி ஏற்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால், நோயைப் பொறுப்பாகக் குணப்படுத்தியவருக்கு அநியாயம்தான். ஆனாலும் விதி அப்படி இருக்கும்போது நாம் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். எல்லோருக்கும் தழும்பு விழுவதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்துச் சிகிச்சை எடுத்தவர்களுக்குச் சேதம் குறைவு. ஆகவே முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவதே வழி.

மஞ்சள் காமாலை சி கிருமிக்கு இப்போது பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையில் குணம் கிடைக்கிறது. 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். ஆனால் குணமான பிறகும் முதல் கட்டப் பரிசோதனை 'பாசிட்டிவ்' காட்டும். இரத்தத்தில் கிருமி இல்லை என்று காட்டும் இரண்டாம் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மையம் அதை ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். பி கிருமியைத் தடுக்கத் தடுப்பூசி உண்டு. பிள்ளைகளுக்குத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

பெண்கள் கவனிக்க வேண்டியது

கர்ப்பமாக இருந்தால் மெடிக்கலில் தேற முடியாது. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் முதலில் சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மெடிக்கலுக்காகக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்தப்போக்கு நிற்காமல் உயிருக்கே ஆபத்து வரும். எந்த முடிவாக இருந்தாலும் அரசு மருத்துவமனை மருத்துவரிடம் பேசி எடுங்கள்.

மாதவிலக்கு நாட்களில் சிறுநீர்ப் பரிசோதனையில் இரத்தம் தெரியும். சிறுநீரகக் கோளாறோ என்று சந்தேகப்படுவார்கள். அந்த நாட்கள் கழித்துத் தேதி வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் 'இ.சி.ஆர்.' வகையில் வரும். அந்த வகை பாஸ்போர்ட் உள்ள பெண்கள் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏஜெண்ட் மூலம் போவதற்குப் பதில் அரசு நிறுவனம் மூலமே போக வேண்டும் என்று 2016இல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். "சுற்றுலா விசாவுல போயிடலாம், மெடிக்கலே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிப் போனால் கேட்க நாதியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

மறைத்தால் என்ன ஆகும்?

"வேற ஒருத்தர் இரத்தத்தைக் கொடுத்துடலாம்", "பத்தாயிரம் கொடுத்தா பாஸ் போட்டுத் தர்றேன்" என்று பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே ஏமாற்றினாலும் அங்கே போன பிறகு, தங்கும் அனுமதி அட்டை கொடுக்கும் முன் மறுபடி மெடிக்கல் உண்டு. அங்கே பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து உடம்புக்குத்தான். சுகர் இருப்பதை மறைத்துப் போனவர் மாத்திரையையும் மறைத்தே சாப்பிட வேண்டும். மாத்திரை தீர்ந்ததும் நிறுத்திவிடுவார். ஐம்பது டிகிரி வரை போகிற வெயிலில் வேலை செய்யும்போது உடம்பு தாங்காது.

மாத்திரை கொண்டுபோகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு, கடை அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும். டிரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்கும், தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை சிலவற்றுக்கும் வளைகுடாவில் கடும் கட்டுப்பாடு உண்டு. தெரியாமல் கொண்டுபோனாலும் சிறைதான். அடுத்த வீட்டுக்காரர் கொடுக்கும் மருந்துப் பொட்டலத்தை வாங்கிப் போகவே கூடாது.

பணம் கட்டும் முன் நம் ஊர்ப் பரிசோதனை

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியப் பகுதி. ஏஜெண்டிடம் பேசும் முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.

1. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி., சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீர் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தாலுகா அல்லது மாவட்ட அரசு மருத்துவமனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள். முன்பு டி.பி. இருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, "தழும்பு தெரியுதா டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள்.

3. மஞ்சள் காமாலை பி, சி பரிசோதனையும் அங்கேயே கேளுங்கள்.

4. எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். இலவசம். ஆலோசகர் பேசுவார். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது.

5. எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் தேதி வாரியாக வையுங்கள். டி.பி. சிகிச்சை முடித்த சான்று, பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு எல்லாம் இருக்கட்டும்.

இங்கே நன்றாக வந்தால் அங்கேயும் தேறுவார் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் பெரிய ஏமாற்றம் எதுவும் காத்திருக்கிறதா என்று முன்பே தெரிந்துவிடும்.

மெடிக்கல் அன்று

முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். தினமும் சாப்பிடும் பி.பி. மாத்திரையை அன்றும் விடக் கூடாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் சுகர் மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். பாஸ்போர்ட், பதிவுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். இரத்தக் குப்பியில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

'அன்ஃபிட்' என்று வந்தால்

பயந்து ஓடிவர வேண்டாம். எந்தப் பரிசோதனையில், என்ன காரணத்தால் என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்குங்கள். வேறு மையத்தில் பணம் கட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பாஸ்போர்ட் எண்ணோடு முடிவு இணையத்தில் ஏறியிருக்கும். ரிப்போர்ட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போய் உறுதி செய்யும் பரிசோதனை கேளுங்கள். முதல் பரிசோதனை சில சமயம் தவறாகவும் காட்டும். இரண்டாம் கூடை நோயாக இருந்தால் சிகிச்சை முடித்து மறுபரிசோதனை கேட்கலாம்.

மூன்றாம் கூடை நோயாக இருந்தால் அன்றே சிகிச்சையைத் தொடங்குங்கள். வெளிநாடு கைவிட்டாலும் உடம்பு நம்மோடுதான் இருக்கிறது. டி.பி.க்கு மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். எச்.ஐ.வி. மருந்தும் இலவசம். தவறாமல் சாப்பிடுபவர் பல்லாண்டு நலமாக வாழ்கிறார்.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டால் தவறு. எவ்வளவு கட்டினாலும் ரசீது வேண்டும். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்க ரசீது உதவும்.

இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் கிடைக்கும். காப்பீடு எடுத்த முதல் 12 மாதத்துக்குள் உடல் தகுதி இல்லை என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஊர் திரும்பும் விமானக் கட்டணத்தையும் கேட்கலாம். அந்தப் பத்திரத்தின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

வெளிநாட்டுக் கடன் மனு வந்தால் இரண்டு தவணையாகக் கொடுப்போம் என்று தீர்மானம் போடலாம். முதலில் பரிசோதனைக்கும் போக்குவரத்துக்கும் சிறு தொகை. மெடிக்கலில் 'ஃபிட்' வந்த பிறகு மீதி. "எங்க குழுவுல இதுதான் விதி" என்று உறுப்பினர் சொன்னால் ஏஜெண்டும் அவசரப்படுத்த முடியாது.

ஆனால் ஒன்று. 'ஃபிட்' வந்ததா, வரவில்லையா என்று மட்டும் குழு கேட்டால் போதும். என்ன நோய் என்று கேட்கும் உரிமை நமக்கு இல்லை. உறுப்பினரே சொன்னாலும் அது கூட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. தீர்மான நோட்டில் நோயின் பெயரை எழுதாதீர்கள். மேலே சொன்ன சகோதரி வாய் திறக்காததற்குக் காரணம் நம் பேச்சுதானே? நாம் பேசும் விதம் மாறினால்தான் அடுத்தவர் முன்கூட்டியே வந்து கேட்பார்.

வெளிநாடு போக முடியாத குடும்பத்துக்கு அதே கடனைக் கறவை மாட்டுக்கோ, தையலுக்கோ, கடைக்கோ கொடுக்க முடியுமா என்றும் அன்றே பேசுங்கள்.

தேவைப்படும் எண்கள்

வெளிநாட்டு வேலை பற்றிய மத்திய அரசு உதவி: 1800 11 3090
டி.பி. உதவி: 1800 11 6666
எச்.ஐ.வி. உதவி: 1097
தமிழ்நாடு அரசு மருத்துவ ஆலோசனை: 104

கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் வெளிநாட்டுக்காக வாங்கிய கடன் எத்தனை? அவற்றில் மெடிக்கலுக்கு முன்பே பணம் கட்டியது எத்தனை?
2. நம் சுகாதார நிலையத்தில் என்னென்ன பரிசோதனை, எந்தக் கிழமையில் செய்கிறார்கள்? யார் விசாரித்து வருவது?
3. இரண்டு தவணைத் தீர்மானத்தை நம் குழு ஏற்கிறதா? ஏற்றால் இன்றே நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

விதிகள் அவ்வப்போது மாறும். போகும் முன் மேலே உள்ள எண்ணில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் எடுத்த முடிவைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற குழுக்களுக்கும் உதவும்.